பாதி

பதினோரு ஆண்டுகளாக எங்கள் மோரிஸ் மைனரின்
பெட்ரோல் முள் பாதியில் நின்றது.
நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.
பைசாண்டூவின் மூன்று மெக்கானிக்குகளும்
கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு
"வயசாயிடுச்சு" என்றார்கள்.
காருக்கா எனக்கா என்று சொல்லவில்லை.

நானே டிக்கியின் தரையைத் திறந்தேன்.
ஆறு திருகு, அதில் ஐந்து வெறும் துரு.
தொட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது
ஒரு கம்பியும் அதன் நுனியில் பித்தளை மிதவையும்:
பாதி உயரத்தில் விறைத்து,
கை தூக்கியபின் கேள்வியை மறந்துவிட்ட
மாணவனைப்போல.

புதியது மொண்டெவிடியோவிலிருந்து பஸ்ஸில் வந்தது.
தொட்டியை முழுக்க வடித்தேன்.
ஐந்து லிட்டர் கேனால் ஊற்றுவது,
சாவியைத் திருப்புவது, காத்திருப்பது.
இந்த முள் அவசரப்படாது.
சூடேறி, சோம்பல் முறித்து
எழுந்துவர ஒரு நிமிடம் ஆகும்.
கண்ணாடியில் வெள்ளை டேப்,
கேனுக்கு ஒரு பென்சில் கோடு.
கோடுகள் சமமாக விழவில்லை.
அடி ஒடுங்கிய தொட்டி;
கடைசிக் கால் பங்கு
மாதக் கடைசிச் சம்பளம்போல
சட்டென்று காணாமல் போகும்.
ஆறாவது கேன் முழுதாக இறங்கவில்லை.
மிச்சம் என் பாவாடையில்.

வாசலில் மாத்தே உறிஞ்சியபடி எபெர் கேட்டான்:
"இத்தனை வருஷம் குச்சி விட்டுப் பார்த்தோமே,
அது போதாதா?"

குச்சி விட்டுப் பார்த்தது அவன்தான்.
எவ்வளவு இருக்கிறது என்று
எனக்குச் சொன்னதும் அவன்தான்.

முள் உண்மை பேசத் தொடங்கிய மூன்றாம் வாரம்.
புதன் பார்த்த முள்ளுக்கும் வெள்ளி பார்த்த முள்ளுக்கும் நடுவே
ஒரு கோட்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி.
நான்கு லிட்டர்.
வியாழன் இரவு அவன் போச்சாஸ் ஆடப் போகிறான்.
மைதானம் இரண்டு தெரு தள்ளி.

நான்கு லிட்டர் என்றால் ஐம்பது கிலோமீட்டர்,
போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து.
மகளின் பழைய கவராயத்தை எடுத்து
வரைபடத்தில் வட்டம் போட்டேன்.
மேற்கே ஆறு, ஆற்றுக்கு அப்பால் அர்ஜென்டினா,
பாலத்தில் பெயர் எழுதிக்கொள்வார்கள், அவன் போகமாட்டான்.
கிழக்கே யூகலிப்டஸ், செம்மறிகள்,
ரயில் வராத ஒரு ரயில் நிலையம்,
நான் பெயர் அறியாத பதினாலு வீடுகள்.

கேட்டிருக்கலாம்.
கேட்டால் அவனும்
பாதியைத்தான் காட்டுவான்.

அடுத்த வியாழன் மதியம்
இரண்டு லிட்டரை மட்டும் தொட்டியில் விட்டேன்.
காபி டப்பாவில் போட்டுவைத்திருந்த
பழைய மிதவையை எடுத்து
டிக்கி மூலையில் சாக்குக்கு அடியில் கிடத்தி
புதியதன் வயரைக் கழற்றி அதற்குக் கொடுத்தேன்.
சாவியைத் திருப்பினேன். ஒரு நிமிடம்.
பாதி.
பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பொருளைத்
தூக்கி எறியக் கூடாது.

பதினொன்றேகாலுக்கு போன்.
"தொண்ணூறாம் எண் சாலையில் நிற்கிறேன்,
கிலோமீட்டர் கல் இருபத்திரண்டு."
போச்சாஸைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வில்மரின் மொபெட் பின்னால்
கேனை மடியில் அணைத்துக்கொண்டு போனேன்.
விளக்கை அணைத்துவிட்டு
கார் பக்கத்தில் நின்றிருந்தான்,
பள்ளிக்கூடச் சுவரோரம் நிற்கவைத்ததுபோல.
வில்மர் உடனே திரும்பிப் போய்விட்டான். நல்ல பையன்.

"முள் பாதி காட்டியதே, சுல்மா."
"பழைய கார்" என்றேன்.

புனலை அவன் பிடிக்க, நான் ஊற்றினேன்.
அவன் கை நடுங்கியது, அல்லது டார்ச் நடுங்கியது.
டார்ச் என் கையில் இருந்தது.

பின் சீட்டில் ஒரு பேக்கரிப் பெட்டி,
வெட்டிய நாடாவோடு.
வெளிச்சத்தை அங்கே கொண்டுபோனேன்:
பீச் துண்டுகள், முட்டை நுரை, கிரீம்.
கத்தி நேராக இறங்கியிருந்தது.
மிச்சம் சரியாகப் பாதி.

"உனக்குத்தான்" என்றான்.

இன்ஜின் இரண்டாம் முறையில் பிடித்தது.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
நகரத்தின் முதல் விளக்குவரை
இருபத்திரண்டு கிலோமீட்டர்
இருவரும் அசையாத அந்த முள்ளையே
பார்த்துக்கொண்டு வந்தோம்.